பிள்ளைகளுக்கு ப்ளூஸ் இசை: எங்கிருந்து தொடங்குவது, வரலாற்றை எவ்வளவு சொல்வது?

கிதார்_அப்பா எழுதியது:

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மகள் கிதார் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் அவளுடைய ஆசிரியர் ஒரு ராக் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இதெல்லாம் ப்ளூஸில் இருந்து வந்ததுதான்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "ப்ளூஸ்னா என்னப்பா?"

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் பிறந்த இந்த இசையை நான் கல்லூரிக் காலத்தில் இருந்தே கேட்கிறவன். ஆனாலும் ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தேடிப் பார்த்தேன். சிறுவர்களுக்கான காணொளிகளில் "சோகமாக இருக்கும்போது பாடுவது ப்ளூஸ்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. யார் பாடினார்கள், ஏன் பாடினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரியவர்களுக்கான ஆவணப்படங்களைப் போட்டால் பத்தாவது நிமிடத்திலேயே கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொன்ற படங்கள் வருகின்றன. ஆறு வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும்போது அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் பாடல்களில் தொடங்கலாம்? அடிமை முறை, இனவெறி இதையெல்லாம் எந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்? வரிகளில் வரும் குடி, கொலை, சிறை இவற்றை என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரயிலோசை எழுதியது:

ஆறு வயதுக்கு ரயிலில் தொடங்குங்கள்.

டிஃபோர்ட் பெய்லி என்று ஒரு மௌத் ஆர்கன் கலைஞர், டென்னசிக்காரர். சின்ன வயதில் போலியோ வந்து வெகுநாள் படுக்கையில் கிடந்தவர். படுத்தபடியே வெளியில் கேட்கும் நாய்க் குரைப்பையும் ரயில் சத்தத்தையும் மௌத் ஆர்கனில் வாசித்துப் பழகினார். 1927-இல் அவர் பதிவு செய்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' முழுக்க ஒரு ரயில்தான். தூரத்தில் வருகிறது, விசில் அடிக்கிறது, வேகம் பிடிக்கிறது. ஒரு சொல்கூடக் கிடையாது. எங்கள் வீட்டுச் சின்னவன் அதைக் கேட்டுவிட்டு வீடு முழுக்க ஓடினான். அவனுக்கு இப்போதைக்கு அது போதும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

ரயிலோசை சொன்னதை வழிமொழிகிறேன். நான் இசை ஆசிரியை, எட்டு வயதில் இருந்து பதினாலு வயது வரைக்கும் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். ப்ளூஸில் அவர்களுக்கு முதலில் பிடிபடுவது வடிவம்தான். விளக்கம் எதுவும் சொல்லாமல் கைதட்ட வைப்பேன்.

பன்னிரண்டு பார், அதாவது தாளச் சுற்று, ஒவ்வொன்றிலும் நாலு தட்டு. உங்கள் மகள் கிதார் வாசிப்பதால் ஏ-யில் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாலு பார் ஏ. அடுத்த இரண்டு டி, திரும்ப இரண்டு ஏ. அப்புறம் ஈ ஒன்று, டி ஒன்று, கடைசி இரண்டு பாருக்கு வீடு திரும்பல், திரும்ப ஏ. மூன்றே கோர்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் மூன்று ஸ்வரக் கூட்டங்கள். இதை நாலைந்து தடவை சுற்றினால், "இப்ப மாறப் போகுது" என்று காது முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிடும். அந்த எதிர்பார்ப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டின் வரிகளும் அப்படித்தான். ஒரு வரி பாடு, அதையே திரும்பப் பாடு, மூன்றாவது வரியில் பதில் சொல். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விடுவார்கள், அதில் கிதார் பதில் பேசும். பருத்திக் காட்டிலும் தண்டவாளம் போடும் இடத்திலும் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிய பழக்கம் அது. வேலை செய்கிற கூட்டத்துக்குப் பதில் ஒற்றைக் கிதார் பின்பாட்டுப் பாடுகிறது.

கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. மேஜர் மூன்றாம் ஸ்வரத்துக்கும் மைனர் மூன்றாம் ஸ்வரத்துக்கும் நடுவில் ப்ளூஸ்காரர்கள் தந்தியை வளைத்து நிற்கும் அந்த இடம், கமகம் பழகிய காதுக்கு அந்நியமாகப் படாது. இரண்டும் வேறு வேறு மரபு, ஒன்றில் இருந்து மற்றது வந்ததாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஒன்பது வயதுக்கு என் சிபாரிசு ஒரு ஜோடிப் பதிவு. மடி வாட்டர்ஸ் 1941-இல் மிசிசிப்பியில் ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் தன் குடிசையில் உட்கார்ந்து பாடிய 'கன்ட்ரி ப்ளூஸ்' முதலில். நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தது. அடுத்து 1948-இல் சிகாகோவில் அவரே பதிவு செய்த 'ஐ ஃபீல் லைக் கோயிங் ஹோம்'. கிட்டத்தட்ட அதே பாட்டு, அதே மனிதர், இப்போது கையில் மின் கிதார். "என்ன மாறியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். ஊர், கருவி, சத்தம், அவர் நிற்கிற தோரணை என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

வாத்தியார்_டொராண்டோ எழுதியது:

சுருதிப்பெட்டி அக்கா சொன்ன ஜோடி அருமை. ஆனால் "என்ன மாறியிருக்கு" என்பதோடு நிற்கக்கூடாது. "ஏன் போனார்" என்று கேட்காவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

நான் வரலாறு கற்பிக்கிறேன். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். ப்ளூஸ் பிறந்தது அதற்குப் பிந்திய காலத்தில். விடுதலையான மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. அதே பண்ணைகளில் வாரக் குத்தகைக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதார்கள். இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், கணக்காகச் சொன்னால் நன்றாகவே விளங்கும்.

என் வகுப்பில் இப்படிச் செய்வேன். ஒரு பிள்ளை முதலாளி, ஒரு பிள்ளை வாரதாரர். விதை, கோவேறு கழுதை, மாவு, செருப்பு எல்லாம் முதலாளியின் கடையிலேயே கடன். விலையைக் குறிப்பது முதலாளி, வட்டி போடுவதும் அவரே. அறுவடை முடிந்ததும் பருத்தியில் பாதி அவருக்கு. மிச்சப் பாதியில் கடனைக் கழிக்க வேண்டும். ஏடு முதலாளி கையில்தான் இருக்கும், வாரதாரர் அதைப் பார்க்கக்கூடாது. கடைசியில் முதலாளி, "இந்த வருசமும் நீதான் எனக்குத் தர வேண்டியிருக்கு" என்று சொல்வார். அந்த இடத்தில் எந்த வகுப்பாக இருந்தாலும் ஒரு பிள்ளை எழுந்து "ஏட்டைக் காட்டு" என்று கத்தும். கேட்டால் என்ன நடந்திருக்கும் என்று அப்போது பேசலாம். கேட்டவர்கள் அடிபட்டார்கள், ஊரைவிட்டே ஓடினார்கள். இந்த அளவுக்கு ஒன்பது வயது தாங்கும்.

இதோடு சேர்த்துக் கேட்க ஒரு வண்டுப் பாட்டு இருக்கிறது. பருத்திக் கூன்வண்டு, அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். மெக்சிகோவில் இருந்து 1890-களில் டெக்சாசுக்குள் நுழைந்து, பருத்தி மொட்டுக்குள் முட்டையிட்டுக்கொண்டே கிழக்கு நோக்கிப் போனது. அதைப் பற்றி ஏகப்பட்ட பாட்டுகள் உண்டு. லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் பாடியதில் வண்டும் விவசாயியும் பேசிக்கொள்வார்கள். எப்படிக் கொன்றாலும் சாகாத வண்டு, "நான் ஒரு வீடு தேடுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சின்னவனுக்கு அது வண்டுக் கதை. பெரியவளுக்கு, வீடு தேடுவது யார் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும். 1910-களில் இருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். வாட்டர்ஸ் 1943-இல் ரயிலேறியதும் அந்த ஓட்டத்தில்தான்.

நிலாமுற்றம் எழுதியது:

லெட் பெல்லி கொலைக் குற்றத்தில் சிறையில் இருந்தவர் ஆச்சே? அவரையா பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது?

கோபமாகக் கேட்கவில்லை. எனக்கும் எட்டு வயதில் பெண் இருக்கிறாள். "இவர் யாரும்மா?" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன்.

வாத்தியார்_டொராண்டோ எழுதியது:

நியாயமான கேள்வி. இதே கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. 1941-இல் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுகளை அவர் ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது, கொலைக் குற்றவாளி பிள்ளைகளுக்குப் பாடுவதா என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர் பாடாமல் இருந்துவிடவில்லை. நியூயார்க்கில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பன்னிரண்டு தந்திக் கிதாரோடு பாடியவர் அவர்.

என் மகன் கேட்டபோது, "ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றதற்காகச் சிறையில் இருந்தார். அந்தக் காலத்துத் தெற்குச் சிறைகள் கொடூரமானவை. வெளியே வந்து நிறையப் பாடினார்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சிறையில என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான். பருத்தி எடுக்க வைப்பார்கள் என்றேன். அடிமை முறை ஒழிந்த பிறகும் எப்படிப் பருத்திக் காட்டுக்கே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிட்டது. நான் தனியாக ஒரு பாடம் எடுக்கவில்லை.

மெம்பிஸ்_மல்லி எழுதியது:

நிலாமுற்றம், உங்கள் பெண்ணுக்கும் இழை தொடங்கியவரின் பெண்ணுக்கும் நான் பெண்களில் இருந்து தொடங்கச் சொல்வேன். இதுவரை வந்த பேரெல்லாம் ஆண்களாக இருப்பது எனக்கு உறுத்துகிறது. ப்ளூஸ் பதிவு வியாபாரத்தைத் திறந்துவிட்டதே பெண்கள்தான். 1920-இல் மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பாடகர்களைத் தேடி ஓடின. பிறகு மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித்.

கிதார் பழகும் பெண்ணுக்கு எலிசபெத் காட்டன். வட கரோலினாவில் பிறந்தவர், இடது கைக்காரர். அண்ணனின் கருவிகளை ஒளிந்து ஒளிந்து வாசித்துப் பழகியவர். பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் சொந்தமாக ஒரு கிதார் வாங்கினார். வலது கைக்காரர்களுக்கான கிதாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலில் மெட்டும் மற்ற விரல்களில் கீழ் ஸ்வரமும் வாசித்தார். 'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்டைக் கட்டியபோது அவருக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. கல்யாணம், கோயில், குடும்பம் என்று பல பத்தாண்டுகள் கிதாரைத் தொடவே இல்லை. வயதான காலத்தில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தபோது, சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசித்திருக்கிறார். 1958-இல் முதல் தொகுப்பு. தொண்ணூறு வயதுக்கு மேல் கிராமி விருது. காணொளியில் அவர் கையைப் பாருங்கள் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். உடனே கிதாரைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்பாள்.

படுக்கப் போகும் நேரத்துக்கு மிசிசிப்பி ஜான் ஹர்ட். அவ்வளவு மென்மையான குரல். 1928-இல் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவரை உலகம் மறந்துபோனது. அவர் பாட்டு ஒன்றில் "அவலான் என் சொந்த ஊர்" என்று ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தில் அவலானைத் தேடி 1963-இல் ஓர் இளைஞர் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார், அதே கைப்பக்குவத்தோடு.

வேப்பநிழல் எழுதியது:

ப்ளூஸ் கிதார் கலைஞர் ராபர்ட் ஜான்சனை யாருமே சொல்லவில்லையே! நாற்சந்தியில் நடுராத்திரி சைத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்ற கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்குமே. நான் அதில் இருந்துதான் உள்ளே வந்தேன்.

மெம்பிஸ்_மல்லி எழுதியது:

அந்தக் கதையை முதல் கதையாகச் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் 61-ஆம், 49-ஆம் நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தை அந்த நாற்சந்தி என்று சொல்லிப் பெரிய கிதார்களை மாட்டிவைத்திருக்கிறார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கள் பிள்ளைகளும்தான். ஆனால் ஜான்சன் யாரிடம் கற்றார் என்பது தெரிந்த விஷயம். ஊரில் அவர் வாசிப்பைக் கேலி செய்தார்கள், அவர் கிளம்பிப் போய் ஐக் சிம்மர்மன் என்ற மூத்த கலைஞரிடம் தங்கிப் பழகினார். ராத்திரியில் யாருக்கும் தொந்தரவு இல்லாத இடம் என்று இருவரும் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கேலி செய்தவர்களே வாயடைத்துப் போனார்கள்.

ஒரு கறுப்பின இளைஞன் அசுரத்தனமாக உழைத்துக் கற்றதை, சைத்தான் கொடுத்தது என்று சொன்னால் அவன் உழைப்பையும் அவன் குருவையும் அழித்துவிடுகிறோம். கிதார் பழகும் குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்துச் சாதகம்தான் வேண்டிய கதை. அதிலும் பயமும் இருட்டும் நிறையவே இருக்கிறது. ஜான்சன் 1936, 37-இல் டெக்சாசில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அதில் பாதிக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு கேட்க வேண்டியவை.

வேப்பநிழல் எழுதியது:

சிம்மர்மன் கதை எனக்குப் புதிது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைத்தான் கதையை மறைக்க வேண்டியதில்லை. யார், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று பெரிய பிள்ளைகளோடு பேசலாம்.

தச்சன்மகன் எழுதியது:

கையால் செய்து பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. டிட்லி போ என்ற ஒற்றைத் தந்திக் கருவி. தெற்கில் காசில்லாத பிள்ளைகள் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டு மரச் சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலைச் செருகினால் கம்பி விறைக்கும். இன்னொரு பாட்டிலைக் கம்பி மேல் நகர்த்திக்கொண்டே மறு கையால் மீட்டினால் ஸ்வரம் வழுக்கும். வீடே ஒலிப்பெட்டி. பல ப்ளூஸ் கலைஞர்கள் கையில் தொட்ட முதல் கருவி இதுதான்.

நாங்கள் சுமார் மூன்றடிப் பலகையில் செய்தோம். இரண்டு முனையிலும் ஸ்க்ரூ, நடுவில் கிதாரின் தடித்த தந்தி. ஒரு பக்கம் சின்னக் கண்ணாடி பாட்டில், மறு பக்கம் காலி டின் டப்பா. டப்பா வைத்ததும் சத்தம் இரட்டிப்பாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: தந்தியை முறுக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அறுந்தால் முகத்துக்கு வரும்.

என் பையன் முதல் கேள்வியாக, "இதுல எங்க கை வைக்கணும்னு கோடே இல்லையே?" என்றான். காதால் தேட வேண்டும் என்றேன். சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருந்தான்.

கிதார்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சின்னவன் ரயிலிலும் வண்டிலும் விழுந்துவிட்டான். மகளிடம் வாரக் குத்தகைக் கணக்கைச் சொன்னேன். "அப்ப ஏன் எல்லாரும் சேர்ந்து போகல?" என்று கேட்டாள். சேர்ந்து போனார்கள், ரயிலில் என்று சொல்லி மடி வாட்டர்ஸ் ஜோடியைப் போட்டேன். நடுவில் அவளே நிறுத்தி, "ஊர்ல மெதுவா பாடினா கேக்கும், சிகாகோல கேக்காது, அதான் கரண்ட்" என்றாள்.

மூன்று வரி வடிவத்தில் அவளே தமிழில் ஒன்று கட்டியிருக்கிறாள்:

"பஸ்ஸு போயிடுச்சு, நான் தெருவுல நிக்கிறேன்
ஆமா, பஸ்ஸு போயிடுச்சு, நான் தெருவுல நிக்கிறேன்
மழையும் சேர்ந்து வருது, குடையை வீட்டுல வெச்சிருக்கேன்"

நிலாமுற்றம் எழுதியது:

அருமையாக இருக்கிறது! ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இவ்வளவு வலியில் பிறந்த இசையை நம் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் குடைக்கும் பாடுவது சரியா?

சுருதிப்பெட்டி எழுதியது:

சரிதான் என்று நினைக்கிறேன். ப்ளூஸ்காரர்கள் வண்டைப் பாடினார்கள், செருப்பைப் பாடினார்கள், தவறவிட்ட ரயிலைப் பாடினார்கள், வீட்டுக்காரர் வாடகை கேட்டதைப் பாடினார்கள். சனிக்கிழமை ராத்திரி பாடினால் ஜனம் ஆடியது. வாரம் முழுக்க இன்னொருவன் காட்டில் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி சொந்தம். அழுகை மட்டும்தான் ப்ளூஸ் என்று சொல்லிக்கொடுத்தால், அவர்கள் சிரித்ததையும் ஆடியதையும் எடுத்துவிடுகிறோம். இழையின் தொடக்கத்தில் நண்பர் சொன்ன காணொளிகளில் எனக்கு இருக்கிற வருத்தமும் அதுதான்.

நான் தயங்குவது வேறு இடத்தில். அவர்களுடைய பேச்சு வழக்கை மேடையில் நடித்துக் காட்ட வைப்பது, முகத்தில் கறுப்புப் பூசுவது, கிழிந்த உடை போட்டுவிடுவது. பள்ளி ஆண்டு விழாக்களில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் கறாராக மறுத்துவிடுங்கள். அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி கறுப்பின மக்களைக் கேலி செய்த நாடக மரபு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. உங்கள் மகள் தன் மொழியில் தன் மழையைப் பாடுகிறாள். அதில் யாரையும் போலி செய்யவில்லை.

வாத்தியார்_டொராண்டோ எழுதியது:

அக்கா சொன்னதோடு உடன்படுகிறேன். வடிவத்தை எடுத்துக்கொள்ளும்போது யாரிடம் இருந்து எடுத்தோம் என்பதையும் பேரோடு சொல்ல வேண்டும். 'ஹவுண்ட் டாக்' பாட்டை கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் 1952-இல் பதிவு செய்தார். 1956-இல் வெள்ளையரான எல்விஸ் பாடியதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெரியவளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டலாம்.

கும்பல் கொலைகள் பற்றி முதலில் கேட்டீர்கள். என் அளவுகோல் பதின்மூன்று வயது. எம்மெட் டில் பற்றி அப்போது சொல்வேன். 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது அவனுக்கு 14 வயது, சிகாகோவில் இருந்து விடுமுறைக்கு வந்த கறுப்பினப் பையன். சிகாகோ ரயிலின் கதையை ஏற்கெனவே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பையன் எங்கிருந்து எங்கே வந்தான் என்பது விளங்கும். படம் காட்ட வேண்டியதே இல்லை.

மெம்பிஸ்_மல்லி எழுதியது:

எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கிளார்க்ஸ்டேலில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய சரக்கு ரயில் நிலையக் கட்டடம். மடி வாட்டர்ஸ் குடியிருந்த மரக் குடிசையை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் பெண் அதற்குள் நின்று கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா வீடு?" என்றாள். 1941 பதிவை வீட்டில் கேட்டுவிட்டுப் போனால் அந்தக் கேள்விக்கு எடை கூடும்.

அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடக்கிறது. கிங்ஃபிஷ் என்று அழைக்கப்படும் கிறிஸ்டோன் இங்ரம் அந்த வகுப்பில் படித்தவர். 1999-இல் பிறந்தவர், 2022-இல் கிராமி வாங்கினார். ப்ளூஸ் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் செத்துப்போன தாத்தாக்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இருக்க, அவரையும் கட்டாயம் காட்டுங்கள்.

கிதார்_அப்பா எழுதியது:

கடைசியாக ஒன்று. சின்னவனுக்கு மௌத் ஆர்கன் வாங்கப் போகிறேன். கடையில் நிறைய வகை இருக்கிறது. எதை வாங்குவது?

ரயிலோசை எழுதியது:

நம் ஊர்க் கடைகளில் முதலில் எடுத்துத் தருவது இரண்டு வரிசைத் துளை உள்ள ட்ரெமோலோ வகை. சினிமாப் பாட்டுக்கு நன்றாக இருக்கும், ப்ளூஸுக்கு ஒத்துவராது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிப்பதால் ஸ்வரத்தை வளைப்பது கடினம். பத்துத் துளை, ஒற்றை வரிசை, டயட்டானிக் என்று கேட்டு வாங்குங்கள், சி கீ. மலிவான பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், காற்று கசிந்து பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடும்.

முதல் நாளே ரயில் ஓட்டலாம். முதல் மூன்று துளைகளை வாயால் மூடி, உள்ளே இரண்டு மூச்சு, வெளியே இரண்டு மூச்சு, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டச் சொல்லுங்கள். விசிலுக்கு நாலையும் ஐந்தையும் சேர்த்து உள்ளே இழுக்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காரட்டும், எல்லாருக்கும் வருவதுதான். அக்கா ஏ-யில் கிதார் வாசிக்கிறாள் என்றால், பின்னால் இருவரும் சேர்ந்து வாசிக்க டி கீ ஒன்று தேவைப்படும். இப்போதைக்கு அவளை ஜி-யில் வாசிக்கச் சொல்லுங்கள், சி கீயே சரியாக இருக்கும்.